நெருப்பு படாத முந்திரி

பட்டறையில் அவனுக்கு வெடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அந்தத் தைரியம் எவனுக்கு இருக்கிறது? முதுகுக்குப் பின்னால்தான். வெல்டிங் வேலையில் கெட்டிக்காரன். இரண்டு இரும்புத் துண்டை அவன் ஒட்டிவிட்டால் அதைப் பிரிக்கிறவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும். இரும்புக் கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எதுவாக இருந்தாலும் அவன் போட்ட பற்றவைப்பு தையல் மாதிரி சீராக ஓடும். ஆனால் கோபம்? மற்றவர்களுக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். இவனுக்கு அது ஆளுக்கு முன்னால் நடந்து வரும். வெல்டிங் ராடு ஈரமாக இருந்தால் அடி. அளவு தப்பினால் அடி. ஒருமுறை, கேட்டுக்கு வர்ணம் பூசுகிற பெயிண்டர் தன் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டான் என்பதற்காக அவன்மேல் சுத்தியலை வீசினான். அது பெயிண்டரின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் ஒரு குழி போட்டது. அந்தக் குழியை இன்னும் யாரும் பூசவில்லை.

முன்பு வேலை பார்த்த பட்டறைகளில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். இந்த முதலாளி மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். "அவன் ஒட்டினது உடையாது. அதுக்காக அவன் உடைக்கறதைப் பொறுத்துக்கறேன்" என்பார்.

வெளியேதான் புலி, வீட்டில் பூனை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலும் அதே கைதான். அவன் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். சாயங்காலம் அவன் மாடிப்படி ஏறுகிற சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று சொல்லிவிடுவாள். செருப்பு படியில் தேய்ந்துகொண்டு வந்தால் நிம்மதி. டக்டக்கென்று வந்தால் மகளை உள் அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவாள். கன்னம் வீங்கினால் பல்வலி என்பாள், முழங்கை நீலமாக இருந்தால் தையல் மெஷினில் இடித்துக்கொண்டேன் என்பாள். கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். யார் என்ன செய்ய முடியும்?

அன்றைக்குப் படியில் வந்த சத்தத்தை அவள் கேட்கவில்லை. அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது, மகள் பக்கத்தில் நின்று பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தானா அவன் வரவேண்டும்? வெயிலில் ஒரு நாள் முழுக்க ஒரு கேட்டை ஒட்டி, அது அளவு குறைகிறது என்று வீட்டுக்காரன் திருப்பி அனுப்பிய ஆத்திரம். கரண்டியை எடுத்துச் சூப்பை ஒரு வாய் குடித்தான். உப்பு இல்லை.

"இதை மனுஷன் குடிப்பானா?"

"இன்னும் உப்பே போடலைங்க. இப்பதான்..."

அவள் முடிக்கவில்லை. அவன் கை வீசியது. அவளைத்தான் குறிவைத்தது, அவள் பழக்கத்தில் குனிந்துவிட்டாள். கை சட்டியில் பட்டது. சட்டி அப்படியே கவிழ்ந்து மகளின் வலது பாதத்தில் விழுந்தது. குழந்தை முதலில் கத்தவே இல்லை. வாயைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். அப்புறம்தான் சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோது மனைவி, "கை தவறி விழுந்திருச்சு" என்றாள். யார் கை என்று நர்ஸ் கேட்கவில்லை, ஆனால் வெடியை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிரவே மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மாற்றுத்துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன்காரன் பஸ் கண்டக்டர். மறுநாள் விடிந்ததும் நேராக வந்தான். கதவைத் திறந்த வேகத்தில் ஒன்று விட்டான், வெடியின் உதடு கிழிந்தது. "கொழந்தை காலுடா! கொழந்தை காலு!" என்று கத்திக்கொண்டே சட்டையைப் பிடித்து உலுக்கினான். நியாயமாக வெடி அதை வாங்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தான், அவன் மேல் ஆணை. ஆனால் அவன் நினைத்து முடிப்பதற்குள் அவன் முஷ்டி மச்சான் வாய்க்குள் போய்விட்டது. மச்சானின் முன்பல் ஒன்று தரையில் கிடந்தது. இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

"நீ மனுஷனே இல்லை, மாப்பிள்ளை" என்று ரத்தத்தைத் துப்பிவிட்டு மச்சான் போனான்.

அதற்கப்புறம் மனைவி ஒரே ஒரு தடவை போனில் பேசினாள். அழவில்லை, திட்டவில்லை. "உங்க கை உங்க பேச்சைக் கேக்குற நாள்ல எனக்குச் சொல்லுங்க. பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன். அவ பயப்படாம உங்க பக்கத்துல உக்காந்தா தங்குறோம். அவ பயந்தா இதோட முடிஞ்சுது. நான் முடிவு பண்ணிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

கை பேச்சைக் கேட்க வேண்டும். அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். கோபம் வந்தால் எண்ணிப் பார் என்றார்கள். எண்ணி முடிப்பதற்குள் அடித்துவிடுகிறானே, என்ன செய்ய? தண்ணீர் குடி என்றார்கள். குடித்த டம்ளரைத் தூக்கி எறிந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், காலால் உதைத்தான். அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது. வேலை முடிந்து வந்து காலி வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அழுது முடித்துவிட்டுச் சுவரைக் குத்துவான்.

அந்தச் சமயத்தில்தான் ஜன்னல் கம்பி போடச் சொல்லி உடற்பயிற்சி டீச்சர் ஒருத்தி பட்டறைக்கு வந்தாள். அவள் நிற்கும்போதே வெடி பெயிண்டரின் பிடரியில் ஒன்று வைத்தான். அவள் பதறவில்லை. "அண்ணே, நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

"சாப்பாட்டுக்கும் உங்களுக்கும் என்னம்மா?"

"இருக்குண்ணே. நானும் உங்களை மாதிரிதான் இருந்தேன். வேகவச்சதை நிறுத்தினேன். நெருப்பு பட்ட எதையும் வாயில வைக்கறதில்லை. காய், பழம், விதை, கொட்டை, எல்லாம் பச்சையாதான். உடம்பு குளிர்ந்துச்சு. கோபம் இருந்த இடம் தெரியலை."

"கறியையும் பச்சையாவா?"

"ஐயையோ!" என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பெயிண்டர் பிடரியைத் தடவிக்கொண்டே சிரித்தான்.

வேறொருவனாக இருந்தால் இதைக் கேட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். வெடிக்கு அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஏன் பிடிக்காது? சூப் கொதித்திருக்கவில்லை என்றால் குழந்தையின் கால் வெந்திருக்காது. அடுப்பு எரிந்திருக்கவில்லை என்றால் சூப் கொதித்திருக்காது. கையை வீசியவன் இவன், பழி அடுப்பின் தலையில். கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆனால் தன் கையை வெட்டிப்போடுவதைவிட அடுப்பைத் தூக்கிப்போடுவது சுலபம் இல்லையா?

தூக்கித்தான் போட்டான். அன்று சாயங்காலமே அடுப்பின் குழாயைப் பிடுங்கி, அதைத் தலைக்குமேல் தூக்கி, மாடியிலிருந்து தெருவில் எறிந்தான். கீழே நின்றிருந்த ஒரு சைக்கிளின் முதுகு ஒடிந்தது. சைக்கிள்காரன் வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தான், யார் நிற்பது என்று தெரிந்ததும் சைக்கிளை ஓசைப்படாமல் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அப்புறம் சட்டிகள். பட்டறைச் சுத்தியலைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்துத் தட்டையாக்கினான். அக்கம்பக்கத்தார் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பச்சைச் சாப்பாடு அப்படித் தொடங்கியது. முதலில் காரட்டும் வெள்ளரிக்காயும் முட்டைக்கோசும். இரும்புச் சட்டத்தைத் தோளில் தூக்குகிற உடம்புக்குக் காரட் எந்த மூலைக்கு? மதியத்துக்குள் பசி குடலைப் பிடுங்கியது. மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறந்தால் இவன் எழுந்து வெளியே போய் நிற்பான், இல்லாவிட்டால் டப்பாவைப் பிடுங்கி வீசிவிடுவான். டீச்சருக்குப் போன் செய்தான்.

"விதையைச் சேர்த்துக்கங்கண்ணே. ஊறவச்சு, முளைகட்டி" என்றாள் அவள்.

விதைதானே! வீட்டில் சிவப்பு பீன்ஸ் விதை ஒரு டப்பா நிறைய இருந்தது. மனைவி வாங்கி வைத்தது. ஊறவைத்தான், துணியில் கட்டினான், முளை எட்டிப் பார்த்ததும் ஒரு கிண்ணம் நிறைய அள்ளி மென்றான். பட்டறைக்குப் போய் முகமூடியை இறக்கி ராடை இரும்பில் வைத்தானோ இல்லையோ, வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. முகமூடியைத் தூக்க நேரமில்லை. உள்ளேயே வாந்தி எடுத்தான். மூச்சுத் திணறித் தரையில் உருண்டவனைப் பெயிண்டர்தான் முகமூடியைக் கழற்றி, வாயைத் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினான். அடிவாங்குகிறவன் அவன், தூக்கிக்கொண்டு ஓடுகிறவனும் அவன்.

"அந்த விதையைக் கொதிக்க வைக்காம சாப்பிட்டா விஷம்பா. முளைவிட்டாலும் விஷம்தான்" என்றார் டாக்டர்.

படுக்கையில் கிடந்தபடியே டீச்சரைப் போனில் பிடித்துக் காது கூசத் திட்டினான். அவள் பாவம், "விதைன்னா எல்லா விதையும் இல்லைண்ணே, பாசிப்பயறு மாதிரி..." என்று இழுத்தாள். "அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன வலிக்குதா?" என்று போனைச் சுவரில் அடித்தான்.

போதும் இந்த எழவு என்று அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது, வாயைத் திறந்து அவனைப் பார்த்த முகம். எழுந்த கையோடு கடைகடையாக ஏறினான். இனிமேல் எதையும் நம்புவதாக இல்லை. ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது, நடுவில் எவன் அதற்குச் சூடு காட்டினான் என்று தெரிந்தாக வேண்டும். "இது நெருப்பைப் பார்த்ததா?" என்பதுதான் கேள்வி.

அப்போதுதான் அவனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. உலகத்தில் முக்கால்வாசிப் பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே வெந்துதான் வருகிறது. ஓட்ஸை ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தான். அதை ஆவியில் வேகவைத்துத்தான் தட்டையாக்குகிறார்கள் என்று மளிகைக்காரர் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள் ஓட்ஸ் டப்பா அவர் நெற்றியில் பட்டுத் தெறித்தது. பாக்கெட் பாலைக் காய்ச்சித்தான் அடைக்கிறார்களாம். பால்காரன் சைக்கிளிலிருந்த பைகள் உடைந்து பால் தெருவில் ஓடியது. டீ இல்லாமல் அவனுக்கு விடியாது, தேயிலையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்தாவது குடிக்கலாம் என்று பார்த்தான். தேயிலையே சூட்டில் உலர்த்தியதுதான் என்று டீக்கடைக்காரர் நல்ல மனதோடு சொல்லித்தொலைத்தார். பெஞ்சு இரண்டாக உடைந்தது. சர்க்கரை காய்ச்சியது. எண்ணெய் சூட்டில் ஆட்டியது. ஒவ்வொரு உண்மைக்கும் எவனாவது ஒருவன் அடிவாங்கினான்.

கடைசியில் முந்திரி கிடைத்தது. சந்தை மூலையில் பருப்பும் உலர்பழமும் விற்கிற கடைக்காரர், மெலிந்த மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டவர். "பச்சை முந்திரி இருக்கா?" என்று கேட்டான். "இருக்குண்ணே, வறுக்காதது, வெள்ளையா இருக்கு பாருங்க" என்று ஒரு பிடி அள்ளிக் கையில் கொடுத்தார். வாயில் போட்டான். ஆஹா! கொழுப்பும் இனிப்புமாக நாக்கில் கரைந்தது. அவன் உடம்பு பல நாளுக்கப்புறம் வயிறு நிறைந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து காலை, மதியம், ராத்திரி முந்திரிதான். பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். ராடு மாற்றுகிற இடைவேளையில் ஒன்று, கேட்டைத் திருப்பிப் போடுகிற இடைவேளையில் ஒன்று.

ஆச்சரியம் என்னவென்றால், ஆள் நிஜமாகவே அடங்கிப்போனான். பெயிண்டர் ஒருநாள் புதுக் கதவில் தப்பான வர்ணத்தைப் பூசிவிட்டான். பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெடி வந்து பார்த்தான், கை உயர்ந்தது, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது. "சுரண்டிட்டு மறுபடி பூசு" என்றான். பெயிண்டருக்கு அழுகையே வந்துவிட்டது. வயிறு நிறைந்ததாலா, உடம்பு இளைத்துச் சோர்ந்ததாலா, குளிர்ந்துதான் போனதாலா, யார் கண்டது? வெடிக்குச் சந்தேகமே இல்லை. விரிசல் விட்ட போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான்.

"இப்ப கை பேச்சைக் கேக்குது. கூட்டிட்டு வா" என்றான்.

"ஞாயித்துக்கிழமை வர்றோம்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் சந்தோஷம் தாங்காமல் அவன் பையிலிருந்து ஒரு பிடி முந்திரியைப் பெயிண்டருக்கு நீட்டினான். பெயிண்டர் மென்றுகொண்டே, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "நான் முன்னாடி முந்திரி ஆலையில வேலை பார்த்தேண்ணே. ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கும், கையில பட்டா தோலே உரிஞ்சிடும். அதான் முதல்ல கொட்டையைச் சூட்டுல போட்டு, இல்லேன்னா ஆவியில வச்சு, அப்புறம்தான் உடைப்போம். சுடாம யாரால உடைக்க முடியும்..."

பாதியில் நிறுத்தினான். வெடியின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"அப்ப இந்தப் பச்சை முந்திரி?"

"வறுக்காததுண்ணே. ஆனா... நெருப்பு படாத முந்திரின்னு ஒண்ணு சந்தைக்கு வர்றதே அபூர்வம்ணே."

வெடி முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தான். மெதுவாகத்தான் வைத்தான். அப்புறம் சந்தையைப் பார்த்து நடந்தான். பெயிண்டர் பின்னாலேயே, "அண்ணே, வேண்டாம்ணே, நாளைக்குப் பாப்பா வருதுண்ணே" என்று கெஞ்சிக்கொண்டு ஓடினான். அது அவன் காதில் விழுந்ததா என்றால் விழுந்தது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்காகியது. நாளைக்குப் பாப்பா வருகிறாள், அந்தக் கடைக்காரப் பாவி என்னை நெருப்புத் தின்ன வைத்திருக்கிறானே!

கடைக்காரர் தலையை நிமிர்த்தி, "வாங்கண்ணே, புதுச் சரக்கு வந்திருக்கு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவில் முதல் அடி விழுந்தது. கண்ணாடி உடைந்து ஒரு துண்டு புருவத்தைக் கிழித்தது. கழுத்தைப் பிடித்துக் கடைக்கு வெளியே இழுத்துப் போட்டான். தராசைத் தூக்கி உலர்பழ ஜாடிகளின்மேல் அடித்தான், கண்ணாடியும் திராட்சையும் தெருவெல்லாம் சிதறின. கடைக்காரர் தவழ்ந்து தப்பிக்கப் பார்த்தார். காலைப் பிடித்து இழுத்து மூக்கில் குத்தினான். எலும்பு நொறுங்குகிற சத்தம் அவனுக்கே கேட்டது. ஒரு பிடி முந்திரியை அள்ளி அவர் வாயில் திணித்து, "சொல்லுடா, இது நெருப்பைப் பார்த்ததா இல்லையா?" என்று கத்தினான்.

அந்த மனிதர் வாயில் ரத்தமும் முந்திரியுமாக, "படலைண்ணே. நெருப்பே படலைண்ணே. சத்தியமா படலைண்ணே" என்றார்.

நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். போலீஸ் என்று யாரோ சொன்னார்கள், யாரும் போகவில்லை. நாளைக்கு அவன் திரும்பி வந்தால்? பெயிண்டர்தான் கடைக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்தத் தடவை அவன் வெடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெடி கையைத் தண்ணீர்க் குழாயில் கழுவினான். நகக் கண்ணில் இருந்த ரத்தம் மட்டும் போகவில்லை. வெட்கமாக இருந்ததா? இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை, நாளைக்கு மகள் வருகிறாள், அவள் முன்னால் வைக்கச் சுத்தமான சாப்பாடு வேண்டும். சந்தைக்குள் திரும்பி நடந்தான். அவன் வருவதைப் பார்த்த கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"இந்தப் பேரீச்சை?"

"நெருப்பே படலைண்ணே."

"எள்ளு?"

"படலைண்ணே."

"இந்தத் தேன்?"

"சூடே காட்டலைண்ணே. பூவுல இருந்து நேரா பாட்டிலுக்கு வந்துச்சுண்ணே."

என்ன கேட்டாலும் அதே பதில். அவனுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு கடையில் கருகிய புள்ளியோடு வறுத்த வேர்க்கடலை குவிந்து கிடந்தது, இன்னும் சூடு ஆறவில்லை, ஆவி வந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி, "இது?" என்றான்.

கடைக்காரர் எச்சிலை விழுங்கினார். "படலைண்ணே."

பக்கத்தில் பேக்கரி. "இந்த பிஸ்கட்?"

"படலைங்க" என்றாள் உள்ளேயிருந்த பெண். அவள் கண் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

சந்தையில் ஒரு பயல்கூட உண்மை பேசுவதில்லை என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. கண்ணுக்கு எதிரே மண்ணோடு இருந்த காயையும் காம்போடு இருந்த பழத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைக் கழுவினான். சுவரில் குத்திய இடங்களில் காலண்டரை மாட்டினான். காரட்டை வட்டமாகவும் நட்சத்திரமாகவும் வெட்டினான், இரும்பு வெட்டுகிற கைக்கு அது எவ்வளவு நேரம் பிடித்தது என்று கேட்காதீர்கள். மாதுளையை உதிர்த்தான். பயறு முளையைக் கிண்ணத்தில் வைத்தான். நகக் கண்ணை ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தான்.

வந்தார்கள். மச்சான் முதலில் ஏறி வந்து, பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு வாசலிலேயே நின்றான். "நான் இங்கயே நிக்கறேன், மாப்பிள்ளை" என்றான். மனைவி உள்ளே வந்து அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தாள். மகள் அவள் பின்னால். வலது காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருந்தாள்.

"எப்படி இளைச்சிட்டீங்க!" என்றாள் மனைவி. அவளையறியாமல் வந்துவிட்டது.

"அப்பா, இது என்ன நட்சத்திரமா?" என்றாள் மகள்.

"ஆமாடா. அப்பாதான் வெட்டினேன்."

"ஒரு முனை ஒடிஞ்சுபோச்சு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தேவிட்டாள்! நட்சத்திரத்தை அவள் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தான். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தோளில் இருந்த பையைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரிந்தது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பா, நான் உனக்கு ஒண்ணு செஞ்சுட்டு வந்திருக்கேன்" என்று மகள் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். பேரீச்சையும் பருப்பும் இடித்து உருட்டிய உருண்டைகள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, பிஞ்சு விரலின் தடம் மேலேயே பதிந்திருந்தது. "அத்தை வீட்டுல நானே உருட்டினேன். நீ பச்சையாதான் சாப்பிடுவேன்னு அம்மா சொன்னாங்க."

ஒன்றை எடுத்து வாயில் போட்டான். வாரக்கணக்கில் வெந்ததைப் பார்க்காத நாக்கு அது. முதல் கடியிலேயே தெரிந்துவிட்டது. முந்திரி. அதுவும் வறுத்த முந்திரி, பொன்னிறமாக, மணக்க மணக்க. அத்தைக்காரி ருசிக்காக வறுத்துக் கொடுத்திருப்பாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்லலாம், அந்த நிமிஷம் அவனுக்குத் துளிக் கோபம் வரவில்லை. குழந்தை தனக்காக உருட்டியதாயிற்றே. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான், சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"முந்திரியை வறுத்தியா பாப்பா?"

மகளின் வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"இல்லப்பா" என்றாள். சாக்ஸ் போட்ட காலை நாற்காலிமேல் தூக்கி, பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள். "நெருப்பே படலப்பா. சத்தியமா படலப்பா."

இந்த வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சந்தைக்கும் அவள் போனதில்லை. அதே குரல், அதே வேகம். அவன் கை அவள் தலையைத் தடவத்தான் உயர்ந்தது. அது பாதி தூரம் வருவதற்குள் அவள் கண்ணை இறுக மூடி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டாள். அவள் அம்மா குனிவாளே, அதே மாதிரி. கை அந்தரத்தில் நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. இந்தப் பிள்ளை இனிமேல் தன்னிடம் என்ன சொன்னாலும் இதைத்தான் சொல்லும் என்று தெரிந்தது. வலிக்கிறதா என்றால் வலிக்கவில்லை என்று சொல்லும். அப்பாவைப் பிடிக்குமா என்றால் பிடிக்கும் என்று சொல்லும்.

"மச்சான்" என்று கூப்பிட்டான். "கூட்டிட்டுப் போங்க."

மச்சான் முஷ்டியை மடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். "கையை எடுடா! தொட்டே, கொன்னுடுவேன்!"

"நான் அடிக்கலை, மச்சான். அடிக்கறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போயிடுங்க."

மச்சானின் முஷ்டி தானாக விரிந்தது. மனைவி ஆணியிலிருந்து பையை எடுத்தாள். அவசரத்தில் பையின் வார் ஆணியில் சிக்கிக்கொண்டது. அவன் எழுந்து உதவப் போகவில்லை, நாற்காலியின் அடிச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மச்சான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். வெடிக்கு மனசு கேட்கவில்லை. வாசலுக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, வறுத்ததுதான் நல்லா இருக்கு. அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு. வறுத்ததுன்னே சொல்லலாம், ஒண்ணும் இல்லை" என்றான்.

மாமன் தோளுக்கு மேலாக அவள் முகம் தெரிந்தது. "இல்லப்பா" என்றாள். "வறுக்கலப்பா, சத்தியமா வறுக்கலப்பா." தெருவில் இறங்கித் திரும்புகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போனாள்.